கழுத்தில் நெரிபடும் நரம்பு, கையில் தெரியும் நோ

நடுச்சாமம் வரை உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து படுத்தால் நித்திரை வருவதில்லை. பிடரியில் தொடங்கும் நோ தோள்வழியே கைக்கு இறங்கி, மின்சாரம் அடித்தாற்போல் இழுக்கிறது, விரல் விறைக்கிறது. எம்மவர் பலர் இதைச் சுளுக்கு என்று எண்ணி, நோ எண்ணெயைப் பூசிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

வைத்தியரிடம் போனாலும் “உடம்பெல்லாம் நோ” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இப்படி வரும் வெளிநாட்டவரை ‘மோர்புஸ் மெடித்தெரானேயுஸ்’, அதாவது மத்தியதரைக்கடல் வருத்தம், என்று தமக்குள் கேலி பேசும் வழக்கம் ஜேர்மனிய வைத்தியர் சிலரிடம் இருந்திருக்கிறது. பிழை அவர்களுடையதுதான். ஆனாலும் எந்த விரல் என்று நாம் சொன்னால் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது.

ஏனெனில் விரல்தான் சாட்சி. கழுத்தில் முள்ளென்புகள் 7; அங்கிருந்து புறப்படும் நரம்புகள் 8 சோடி. என்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கினாலோ, வயதோடு துவாரம் ஒடுங்கினாலோ நரம்பு நெரிபடும். பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்தால் பெரும்பாலும் 6ஆவது நரம்பு. நடுவிரல் என்றால் 7ஆவது (கூடுதலாகப் பாதிக்கப்படுவது இதுவே). சின்னவிரல் என்றால் 8ஆவது. இரவில் விரல்கள் விறைத்து, கையை உதறினால் சுகமாகிறதென்றால், குற்றம் மணிக்கட்டிலும் இருக்கலாம்.

பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிச் செல்பவர்கள் இவற்றை முதல்நாளே அதற்கு விளக்கிவிடுங்கள். விறைப்புக்கு டொச்சில் ‘ரவுப்’, ஊசி குத்துவதுபோன்ற உணர்வுக்கு ‘கிறிபெல்ன்’.

பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், சத்திரசிகிச்சை இல்லாமலே சுகமாகிறது. நோக் குளிசையைச் சில நாட்களுக்கு எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்டே எடுக்கவேண்டும். கழுத்துப்பட்டியை நெடுநாள் போட்டால் தசை பலவீனமாகும். வைத்தியர் எழுதித்தரும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு, காப்புறுதி உள்ள பெரியவர்கள் ஒவ்வொரு சிட்டைக்கும் 10 யூரோவும் செலவில் நூற்றுக்குப் பத்தும் கட்டவேண்டும். ஊரில் சலூன்காரர் செய்ததுபோல் கழுத்தை நெட்டி முறிக்க எவரையும் விடாதீர்கள். அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வந்திருக்கிறது.

லீவு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்ற பயம்தான் பலரை நோவோடு வேலைக்குத் துரத்துகிறது. ஓர் இடத்தில் 4 வாரம் வேலை செய்தவருக்கு, வைத்தியர் வேலை செய்ய இயலாது என்று எழுதினால், 6 வாரம்வரை முதலாளி சம்பளம் தரவேண்டும். பகுதிநேர வேலைக்கும் ‘மினிஜொப்’புக்கும் இதே சட்டம்தான். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்களும் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் கடும் நோயோடு நோவுக்கும் வைத்தியம் உண்டென்றே சொல்கிறது. பல இடங்களில் முதலில் சமூகநலக் காரியாலயத்தில் வைத்தியச் சிட்டை எடுக்கவேண்டும். சில மாநிலங்களில் காட் கொடுக்கிறார்கள்.

கை பலம் குறைந்துகொண்டே வந்தால், சட்டைப் பொத்தான் பூட்ட முடியாவிட்டால், நடை தள்ளாடினால், சலம் அடக்க முடியாமற் போனால், விழுந்தபின் நோ தொடங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை நோவோடு நெஞ்சும் அழுத்தினால் அது இருதயமாக இருக்கலாம். உடனே 112ஐ அழையுங்கள்.