ஆமைத் தொட்டிக்கு எத்தனை அடி?

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனின் பிறந்தநாளுக்கு அவன் மாமா ஓர் ஆமைக்குட்டி வாங்கி வந்தாராம். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். கூடவே ஒரு கண்ணாடிக் கிண்ணம். “இது போதும், கிண்ணத்துக்குத் தக்கபடிதான் வளரும்” என்று கடைக்காரர் சொல்லியனுப்பினாராம். “இது உண்மையா? ஆமை, பல்லி மாதிரி சின்ன ஜீவன்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று ஏதாவது கணக்கு உண்டா?” என்று கேட்கிறார்.

உண்மையில்லை. கிண்ணத்துக்குத் தக்கபடி எந்த ஆமையும் வளர்வதில்லை. இடமும் வெயிலும் சரியான தீனியும் கிடைக்காத குட்டியின் ஓடு வளைந்து, மென்மையாகி, உள்ளுறுப்புகளை நெருக்கும். வளராமல் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது நோயில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் வாங்கும் இந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுக்குள் செத்துப்போவதால்தான் அவை பெரிதாவதை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பொய்யும் பிழைத்துக்கிடக்கிறது.

அவர் வர்ணித்தது சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் அதன் சொந்த ஊர். பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் கொஞ்சம் சிறியது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். 2019-இல் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் எழுந்தருளிய ஆண்டில் பிறந்த குட்டி, அவர் மறுபடி எழுந்தருளும் 2059-இலும் உயிரோடு இருக்கலாம். பத்து வயதுப் பையனுக்குக் கொடுக்கப்பட்ட பரிசு இது. அவன் கல்லூரி, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் தாண்டி வரப்போகிற உயிர் என்பதை வாங்கும்போதே வீட்டில் பேசியிருக்க வேண்டும்.

இனி கணக்கு. ஆமை வளர்ப்போரிடையே பழக்கத்தில் உள்ள விதி இது: ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர். பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். மனதில் வைத்துக்கொள்ள எளிதான விதிதான். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. 3 சென்டிமீட்டர் குட்டி 24 சென்டிமீட்டர் ஆகும்போது நீளம் எட்டு மடங்கு. விதிப்படி தண்ணீரும் எட்டு மடங்கு. உடம்போ நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, அகலத்திலும் உயரத்திலும் சேர்ந்து வளர்கிறது. எட்டு பெருக்கல் எட்டு பெருக்கல் எட்டு, 512. ஓடு கொஞ்சம் தட்டையாகிவிடும் என்று கழித்தாலும் எடை சில நூறு மடங்கு கூடிவிடும். தீனி அப்படியே எடைக்கு எடை ஏறாது என்றாலும் எட்டு மடங்கைவிட மிக அதிகமாகவே ஏறும். கழிவும் அதனோடு ஏறும். ஆகவே இந்த விதி குட்டிக்குத் தாராளம், வளர்ந்த ஆமைக்கு இறுக்கம். 400 லிட்டர் என்று வந்தால் அதைக் கீழ்வரம்பாக எடுத்துக்கொண்டு, தண்ணீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கிண்ணத்துத் தண்ணீர் இரண்டு நாளில் நாறுவதற்குக் காரணம் ஆமையின் அசுத்தம் இல்லை. அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கலைந்துபோக அங்கே தண்ணீரே இல்லை.

ஜெர்மனி அரசு 1997 ஜனவரியில் வெளியிட்ட நிபுணர் அறிக்கை ஒன்று ஊர்வன வளர்ப்புக்கான குறைந்தபட்ச இடத்தை விலங்கின் சொந்த நீளத்தின் மடங்குகளாகவே சொல்கிறது. அடியிலோ மீட்டரிலோ ஒரே அளவைச் சொல்லிவிடாமல், அந்தந்த உடம்பையே அளவுகோலாக்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. குட்டி வளர வளர அதன் வீடும் வளர்ந்தாக வேண்டும் என்ற பொறுப்பு அந்த அளவுகோலுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் நடக்கவும் நீந்தவும் மட்டும்தான் இந்த இடம் என்று நினைத்தால் விஷயத்தில் பாதியைத் தவறவிட்டுவிடுவோம். நீளம் முக்கியமாக வேண்டியிருப்பது வெப்பத்துக்காக.

ஊர்வனவற்றின் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது என்பது பள்ளிப் பாடம். அதன் விளைவைத்தான் யாரும் யோசிப்பதில்லை. சூடு வேண்டுமானால் அது சூடான இடத்துக்குப் போக வேண்டும். குளிர்ச்சி வேண்டுமானால் குளிர்ந்த இடத்துக்கு. தின்றது செரிக்க ஒரு சூடு, தூங்க ஒரு சூடு, முட்டை சுமக்கும்போது வேறொரு சூடு. வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லியைப் பாருங்கள். மார்கழிக் காலையில் அது குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில், மோட்டார் சுடும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் போகிறவர்கள் இன்னும் நன்றாகவே இதைப் பார்க்கலாம். காலையில் கரையில் வெயில் காயும் சதுப்பு முதலைகள் உச்சி வெயிலில் நிழலுக்கோ தண்ணீருக்கோ இறங்கிவிடும். சில கரையிலேயே வாயைப் பிளந்துகொண்டு சூட்டைத் தணித்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்குச் சோம்பலாகத் தெரியும். அவை தங்கள் உடல் வெப்பத்தை நாள் முழுக்கச் சரிசெய்துகொண்டே இருக்கின்றன.

ஓரடிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மூலையில் விளக்கைப் போட்டால் பெட்டி முழுதும் ஒரே சூடாகிவிடும். மூன்றடி, நான்கடிப் பெட்டியில்தான் ஒரு முனை சுட, மறுமுனை ஆறியிருக்கும். நடுவில் படிப்படியாக இறங்கும் வெப்பம் கிடைக்கும். எங்கள் தெருவில் காலையில் நெசவுக்குப் பாவு நீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வீட்டுக்குள் எத்தனை அகலமான கூடம் இருந்தாலும் பாவுக்கு உதவாது. அது நீட்டி இழுத்துக் கட்டத் தெருவின் நீளத்தையே கேட்கும். வெப்பமும் அப்படித்தான். பெட்டியை உயர்த்தியோ அகலப்படுத்தியோ நீளத்துக்கு ஈடு கட்ட முடியாது. மரம் ஏறும் இனங்களுக்கு மட்டும் அந்த நீளத்தை மேல்நோக்கி நிறுத்தி வைக்க வேண்டும்.

இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1970-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகரும் அவரோடு சேர்ந்தவர்களும் பாலைவன இகுவானா என்ற பல்லியினத்தை ஒரு முனை சூடும் மறுமுனை குளிர்ச்சியுமான அறையில் விட்டார்கள். ஆரோக்கியமான பல்லிகள் அங்குமிங்கும் போய்வந்து உடல் வெப்பத்தை 38 டிகிரியை ஒட்டி வைத்துக்கொண்டன. நோய்க்கிருமியை ஊசியில் ஏற்றியதும் அதே பல்லிகள் சூடான முனையில் கூடுதல் நேரம் தங்கி, வெப்பத்தைச் சுமார் இரண்டு டிகிரி ஏற்றிக்கொண்டன. நமக்கு உடம்புக்குள் தானாக வரும் காய்ச்சலை அவை நடந்து போய் வாங்கிக்கொண்டன!

1975-இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், கிருமி ஏற்றிய பல்லிகளை விருப்பப்படி நகர விடாமல் வெவ்வேறு வெப்பங்களில் வைத்தார்கள். 34, 36 டிகிரியில் இருந்தவை அதிகமாக இறந்தன. 40, 42 டிகிரியில் இருந்தவை அதிகமாகப் பிழைத்தன. காய்ச்சல் என்பது வெறும் தொந்தரவில்லை, அது ஒரு தற்காப்பு என்பதற்கு மனித மருத்துவமும் அந்தப் பல்லிகளை எடுத்துக்காட்டியது. எனக்கோ அதைப் படித்ததிலிருந்து ஓரடிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அதற்குள் இருக்கும் உயிருக்கு நோய் வந்தால் காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளக்கூட இடமில்லை.

இதில் நம் ஊருக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்கள் தரும் அளவுகள் எல்லாம் குளிர்ந்த அறைக்குள் விளக்கு வைத்துச் சூடாக்கும் ஊர்களுக்கானவை. காஞ்சிபுரத்தில் கத்திரி வெயில் நாளில் அறையே 36 டிகிரியில் கொதிக்கும். இங்கே பெட்டியில் சூடான முனை எளிது; குளிர்ந்த முனைதான் அரிது. சிவப்புக் காது ஆமை வெயில் காயும் மேட்டில் 32 முதல் 35 டிகிரி இருக்கலாம், தண்ணீர் 24 முதல் 27-க்குள் இருந்தால் நல்லது. கிண்ணத்து இரண்டு லிட்டர் தண்ணீர் மதியத்துக்குள் அறைச் சூட்டை எட்டிவிடும். 600 லிட்டர் தண்ணீர் மெல்லத்தான் சூடேறும், மெல்லத்தான் ஆறும். எனவே இங்கே பெரிய தொட்டி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. கண்ணாடித் தொட்டியைச் சன்னல் வெயிலில் வைப்பது எல்லாவற்றையும்விடக் கொடிது. சன்னல் கண்ணாடி, ஓட்டுக்கும் எலும்புக்கும் தேவையான புற ஊதாக் கதிரைத் தடுத்துவிட்டுச் சூட்டை மட்டும் உள்ளே விடும்.

மற்ற ஜீவன்களையும் கேட்டிருக்கிறார். ஒரு சாண் நீளமுள்ள லெப்பர்டு கெக்கோ என்ற தரைப்பல்லிக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது இன்று பொதுவாகச் சொல்லப்படும் குறைந்த அளவு. பாம்பென்றால் அது தன் முழு நீளத்துக்கும் உடம்பை நீட்டிப் படுக்க முடிய வேண்டும். பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்ப்பவர்கள் பலர், அது சுருண்டே கிடக்கும், சின்னப் பெட்டியில்தான் பயமில்லாமல் தின்னும் என்று வாதிடுவார்கள். பெரிய வெற்றுப் பெட்டியில் அது மிரள்வது உண்மைதான். அதற்கு மருந்து பெட்டியைச் சுருக்குவது இல்லை. இரண்டு முனைகளிலும் ஒவ்வோர் ஒளிவிடம், நடுவில் மரக்கட்டை, இலைதழை என்று நிரப்புவது. மறைவிடம் ஒரே முனையில் இருந்தால், பயமா சூடா என்று அது இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சில உயிர்களுக்கு அளவே கேட்கக் கூடாது. அதிர்ஷ்டம் என்று சொல்லி நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2022 திருத்தம் அதை முதல் அட்டவணைக்கே உயர்த்திவிட்டது. 2019-இல் சைட்டிஸ் ஒப்பந்தம் அதன் பன்னாட்டு வணிகத்தை முற்றாகத் தடை செய்தது. உடும்பும் நம் குளத்துப் பாலாமையும் அதே பாதுகாப்பில்தான் இருக்கின்றன. இவற்றுக்குச் சரியான இடம் முட்புதரும் ஏரிக்கரையும்தான். வெளிநாட்டு இனங்களிலும் சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்துவிட்டன. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் வரிசையில் நின்று தொட்டு வணங்குகிற ஊர் நம்முடையது. உயிருள்ள பல்லிக்கும் ஆமைக்கும் அந்த மரியாதையில் ஒரு பங்காவது போகட்டும் என்று கேட்பது எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் கண்டிப்பாக. ஆமை பெரிதாகிவிட்டது என்று கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். குவாஹாத்தியில் உக்ரதாரா கோயில் குளத்திலும் திருச்சூர் பக்கத்துக் கால்வாயிலும் இதே சிவப்புக் காது ஆமைகள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. அவை உள்ளூர் ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் மேடுகளையும் பிடுங்கிக்கொள்ளும், நோயையும் கொண்டு சேர்க்கும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் பட்டியலில் இதற்கு இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. அமெரிக்கா 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது. அது குழந்தைகளுக்குப் பரவிய சால்மோனெல்லா கிருமியால். ஆமையைத் தொட்டால் பையன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதன் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

சரி, வாசகியின் வீட்டுக்கு வருவோம். முதல் ஓரிரண்டு ஆண்டுக்கு மூன்றடித் தொட்டி போதும். ஒரு முனையில் ஏறி உட்காரத் தண்ணீருக்கு மேல் மேடு, அதன்மேல் சூட்டு விளக்கும் புற ஊதா விளக்கும், மறுமுனை நிழல். அதற்குள் கொல்லையில் ஐந்தடி நீளம், மூன்றடி அகலத்தில் சிமெண்ட் தொட்டி கட்டிவிடுங்கள். ஒன்றரை அடி ஆழத்துக்கு நீர் நிறுத்தினால் 600 லிட்டருக்கு மேல் பிடிக்கும். காலை வெயில் ஒரு முனையிலும் மர நிழலோ கீற்றோ மறுமுனையிலும் விழட்டும். சுவரின் மேல்விளிம்பு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும், ஆமை நன்றாக ஏறும். காக்கைக்கும் பூனைக்கும் தடுப்பாகக் கம்பிவலை வேண்டும். அடியில் ஒரு வடிகுழாய் வைத்தால் அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போகும்.

பையனிடம் இரண்டு வெப்பமானிகளைக் கொடுங்கள், முனைக்கு ஒன்று. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் இரண்டின் அளவையும், அந்நேரம் ஆமை எங்கே இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதக் குறிப்பை எனக்கு அனுப்பினால் தொட்டியில் எதை மாற்ற வேண்டும் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.