ஒருவருக்கென ஒரு வானொலி

வானொலி நிலையத்தின் கோபுரத்திலிருந்து புறப்படும் அலைகளை ஒருவர் கேட்டாலும் ஓர் இலட்சம் பேர் கேட்டாலும் நிலையத்திற்கு ஆகும் மின்சாரம் ஒன்றே. எல்லோரும் ஒரே வேளையில் ஒரே நிகழ்ச்சியைக் கேட்கின்றனர். கைபேசியில் ஒலிக்கும் இணைய வானொலியோ இதனின்றும் வேறுபட்டது. அதில் ஒவ்வொரு நேயருக்கும் ஒலி தனித்தனியே அனுப்பப்படுகிறது. ஆதலின், அவரவர் விருப்பத்திற்கேற்பப் பாடல்களை மாற்றி வழங்க இயலுகிறது.

ஒருவரது விருப்பத்தை இயந்திரம் எங்ஙனம் அறிகிறது? இதற்கு இரு முறைகள் உள்ளன. முதலாவது, பாடலை ஆராய்வது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘மியூசிக் ஜீனோம்’ திட்டத்தில், இசைப் பயிற்சி பெற்றோர் ஒவ்வொரு பாடலையும் கேட்டு, தாளம், குரலின் தன்மை, இசைக்கருவி முதலிய நூற்றுக்கணக்கான இயல்புகளுக்கு மதிப்பெண் இட்டனர். இதனை அடிப்படையாகக் கொண்ட ‘பண்டோரா’ வானொலி 2005-ல் தோன்றி, 2008-ல் ஐபோனுக்கும் வந்தது. நேயர் ஒரு பாடலைக் குறிப்பிட்டால், இயல்பில் அதனை ஒத்த பாடல்கள் தொடர்ந்து ஒலிக்கும்.

இரண்டாவது, கேட்போரை ஆராய்வது. 2002-ல் இலண்டனில் தோன்றிய ‘லாஸ்ட் எஃப்.எம்.’ இம்முறையைக் கையாண்டது. அதன் வானொலி 2014-ல் நிறுத்தப்பட்டதாயினும், முறை இன்றும் பல இசைச் சேவைகளில் வழங்கி வருகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். மாணவர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஐந்து பாடல்களை எழுதட்டும். நான்கு பாடல்கள் ஒத்துள்ள இருவரைத் தேர்ந்து, ஒருவரது ஐந்தாம் பாடல் மற்றவருக்குப் பிடிக்குமா என்று கேட்கலாம். பெரும்பாலும் பிடிக்கும் என்பதே இயந்திரத்தின் கணக்கு. பாடலின் இசை எத்தகையது என்பதை அது அறிய வேண்டுவதில்லை.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் வரும் ஒலியை ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 மெகாபைட் செலவாகும். ஒரே ஊரில் நூறு பேர் கேட்டால், அதே ஒலி நூறு மடங்காகச் செல்ல வேண்டும். மேலும், நாம் வானொலியைக் கேட்கும்போது வானொலியும் நம்மைக் கவனிக்கிறது. எப்பாடலை எந்நேரத்தில் கேட்டோம், எதனைப் பாதியில் தள்ளினோம் என்பனவெல்லாம் சேவை நடத்துவோரிடம் பதிவாகின்றன. பழைய வானொலிப் பெட்டிக்கு நம்மைப்பற்றி ஒன்றும் தெரியாது.

யாவற்றினும் முக்கியமானது பிறிதொன்று. விருப்பத்தைப் பின்பற்றும் வானொலி, விரும்பிக் கேட்காத செய்தியைத் தானாகக் கொண்டு வருவதில்லை. புயல் எச்சரிக்கையோ எவரும் விரும்பிக் கேட்பதன்று. எல்லோரும் கேட்க வேண்டுவது. 2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் ஒடிசாவில் பூரிக்கருகே ஃபானி புயல் கரையைக் கடந்தபோது, மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பரவலாக அறுந்துபோயின. அத்தகைய வேளையில் தொலைவிலுள்ள நிலையத்தின் அலைகளைப் பெற, மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றே போதும்.

இசைக்குக் கைபேசி வானொலி நல்ல துணையே. எனினும், கடலோரக் கிராமங்களுக்குச் செல்லும் களப்பணியாளர்கள், வீட்டிற்கொரு சாதாரண வானொலிப் பெட்டியும் மாற்று மின்கலமும் இருக்குமாறு மக்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.