புதிதாய் ஸ்தாபித்த பண்ணைக் கணக்கு ஸர்வர் திறவாவிடின் கவனிக்க வேண்டியவை

பண்ணைக் கணக்கை ஒழுங்காய் வைத்து வருவதன் அவசியத்தைக் குடியானவர்களுக்கு விஸ்தாரமாய் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எந்த வயலில் எந்த ரக விதை எந்தத் தேதியில் விழுந்தது, எத்தனை வண்டி தொழுவுரம் இறங்கியது, பூச்சி மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றை ஞாபகத்தில் மாத்திரம் வைத்துக்கொண்டு சாகுபடியை நடத்துவது இக்காலத்திற்குப் போதாது. இயற்கை விவசாயச் சான்று பெற விரும்புவோர் இக்குறிப்புகளைப் பரிசோதகர் முன்பு தேதிவாரியாய்க் காட்டியே தீர வேண்டும். ஆகையால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தவர்களில் சிலர் கம்ப்யூட்டருக்கு மாறி வருகிறார்கள். இந்த வேலைக்கென்றே ‘பார்ம் ஓ.எஸ்.’ என்னும் வெப் அப்ளிகேஷன் ஒன்று விலையின்றிக் கிடைக்கிறது. ட்ரூபல் என்னும் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட இதில் நிலம், பயிர், கால்நடை, கருவி ஆகியவற்றைப் பதிந்து, விதைப்பு, உரம், அறுவடை முதலியவற்றை அவற்றின்கீழ் நாள்தோறும் எழுதி வரலாம். வயல்களைப் படத்தில் வரைந்தும் காட்டலாம்.

வெப் அப்ளிகேஷன் என்பது ஒவ்வொருவர் போனிலும் தனித்தனியே போட்டுக்கொள்ளும் சாதனம் அன்று. அது ஸர்வர் என்னும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் தத்தம் பிரௌஸர் வழியே அங்கே சென்று எழுதவும் படிக்கவும் செய்வார்கள். அநேகருக்கு உண்டாகும் சங்கடம், அதை ஸ்தாபிப்பதில் அன்று, ஸ்தாபித்த பின்பு அதனிடம் போய்ச் சேருவதிலேயே இருக்கிறது.

காவிரிப் பாசனத்தில் பதினைந்து ஏக்கர் சாகுபடி செய்யும் ஒரு நிலக்காரர், வீட்டுக் கூடத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, தம் அக்காள் மகனைக் கொண்டு டாக்கர் முறையில் இதை ஸ்தாபிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரின் திரையில் பக்கம் அழகாய்த் திறக்கிறது. வயலுக்குப் போய்ப் போனில் பார்த்தால் வெறும் வட்டம் சுற்றுகிறதே தவிர ஒன்றும் வரவில்லை.

“என்ன மாப்பிள்ளை, வீட்டில் இருக்கிறது வயலுக்கு வரவில்லையே?” என்கிறார் நிலக்காரர்.

“எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டுவிடுகிறேன் மாமா” என்கிறான் பையன்.

இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் கிணற்றைத் தூர்த்துவிட்டு வேறு கிணறு வெட்டுகிறவர் எவரும் இல்லர். கிணற்றடியிலிருந்து வாய்க்கால் ஓரமாய் நடந்து, எந்த மடையில் தண்ணீர் நின்றுவிட்டது என்று பார்ப்பதே வழக்கம். ஸர்வர் விஷயத்திலும் அவ்விதமே உள்ளேயிருந்து வெளியே படிப்படியாய் நடக்க வேண்டும். அழித்துப் போடுவதால் முன்பிருந்த பிழையே மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடையில் எழுதிய கணக்கு ஏதேனும் இருந்தால் அதுவும் போய்விடும்.

முதலாவது, பிரௌஸர் என்ன சொல்லுகிறது என்பதை அவசரப்படாமல் வாசிக்க வேண்டும். ‘திறக்கவில்லை’ என்னும் ஒரே சொல்லால் ஐந்தாறு வெவ்வேறு வியாதிகளைக் குறிப்பிடுவது பயனற்றது. பெயரையே கண்டுபிடிக்க இயலவில்லை என்று வந்தால், கொடுத்த பெயர் எந்த எண் விலாசத்தையும் குறிக்கவில்லை என்று அர்த்தம்; ஸர்வரைத் தொடவே வேண்டாம், பெயர்ப் பதிவைப் பார்க்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால், பெரும்பாலும் விலாசத்திலுள்ள யந்திரம் உயிரோடு இருக்கிறது, ஆனால் தட்டிய வாயிலில் காதுகொடுப்பார் இல்லை என்பது பொருள். நெடுநேரம் காத்திருந்து காலம் கடந்துவிட்டது என்று வந்தால், அநேகமாய் நடுவில் ஏதோ ஒரு காவல், கேட்டதை வாய்பேசாமல் விழுங்கிவிடுகிறது; அல்லது யந்திரமே நின்றிருக்கலாம், விலாசமே தவறாயிருக்கலாம். 404, 403, 500, 502 என்று எண் ஏதேனும் தோன்றினாலோ, அது ஒருவகையில் நல்ல செய்தி. வழி முழுவதும் திறந்திருக்கிறது. யாரோ ஒருவர் பதில் சொல்லுகிறார். குறை பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறது. 502 என்பது வாசலில் நிற்கும் வெப் ஸர்வர் விழித்திருக்க, அதன் பின்னே இருக்க வேண்டிய அப்ளிகேஷனிடமிருந்து சரியான பதில் வராமையைக் காட்டும். 500 என்பது அப்ளிகேஷன் தன்னுள்ளேயே இடறியதைக் காட்டும். அதற்கு ஊகம் உதவாது, பிழைக் குறிப்பேட்டின் கடைசி வரிகளை வாசிப்பது ஒன்றே வழி.

செய்தியை வாசித்த பின் ஸர்வர் யந்திரத்தின் முன்னேயே உட்கார்ந்து, லோக்கல்ஹோஸ்ட் என்னும் அதன் சொந்தப் பெயரால் பக்கத்தைக் கேட்க வேண்டும். அங்கேயே வரவில்லையாயின் வெளிவழிகளைப் பரிசோதிப்பது வீண். அங்கே வந்தால் கிணற்றில் நீர் உண்டு என்று நிச்சயித்துக்கொண்டு அடுத்த மடைக்குப் போகலாம். நம் நிலக்காரர் வீட்டில் இந்தப் பரீட்சை தேறிவிட்டது.

அடுத்தபடி, அப்ளிகேஷன் எந்த விலாசத்தில் காதுகொடுக்கிறது என்பதைக் காண வேண்டும். லினக்ஸில் ‘எஸ்.எஸ்.’ என்னும் சிறு கட்டளை இதைக் காட்டிவிடும். அதில் 127.0.0.1 என்று எழுதி அதன்பின் வாயில் எண் இருந்தால், அது தன் யந்திரத்தில் உள்ளவர்க்கு மாத்திரமே பதில் சொல்லும். அண்டை அறையிலிருந்து கேட்டாலும் செவிடே. 0.0.0.0 என்று இருந்தால் எல்லாத் திசைக்கும் காது உண்டு. வீட்டுத் திரையில் திறந்து வேறெங்கும் திறவாத பக்கங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் அடங்கும். டாக்கர் முறையில் இன்னொரு மயக்கமும் உண்டு. அதன் அமைப்புக் கோப்பில் 8080:80 என்று எழுதும்போது இடப்பக்கத்து எண் வெளியிலிருந்து தட்ட வேண்டிய வாயில். வலப்பக்கத்தது பெட்டிக்குள் இருக்கும் வாயில். இவை இடம் மாறிவிட்டால் பெட்டிக்குள் ஆளில்லாத கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். 8080 என்று வைத்தவர் விலாசத்தின் பின்னே முக்காற்புள்ளி இட்டு அந்த எண்ணையும் எழுத வேண்டும். எண் எழுதாவிடில் பிரௌஸர் 80 அல்லது 443 என்னும் வழக்கமான வாயில்களுக்கே போகும்.

பைர்வால் என்னும் காவல் மூன்றாவது மடை. யந்திரத்திலேயே ஒரு காவல் உண்டு. வாடகைக்கு எடுத்த ஸர்வராயின், வாடகைக்கு விட்டவர் வைத்திருக்கும் வெளிக்காவலும் உண்டு. ஒன்றைத் திறந்து மற்றதை மறந்துவிட்டுத் திகைப்பவர் பலர். இரண்டிலும் 80, 443 ஆகிய வாயில்களை அனுமதித்தால் போதும். தொல்லை பொறுக்காமல் காவலையே முழுதும் நீக்கிவிடுவது, மாடு உள்ளே வரவில்லை என்று வேலியைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். இதற்கு மறுபக்கமாய் ஒரு விஷயம் அநேகருக்குத் தெரியாது: டாக்கர் வெளியிடும் வாயில்கள், யு.எப்.டபிள்யு. என்னும் சாதாரணக் காவலின் விதிகளைக் கடந்து திறந்துவிடும். காவல் மூடியிருக்கிறது என்று எண்ணியிருக்க, கணக்கு முழுவதும் அடங்கிய போஸ்ட்கிரெஸ் களஞ்சியத்தின் 5432ஆம் வாயில் உலகத்திற்கே திறந்து கிடக்கக் கூடும். களஞ்சியத்தின் வாயிலை வெளியிட வேண்டிய தேவையே இல்லை. அந்த வரியை அமைப்புக் கோப்பிலிருந்து எடுத்துவிடுக. உதாரணக் கோப்பில் அச்சிட்டிருந்த கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அபாயம்.

நம் நிலக்காரரின் உண்மையான சங்கடம் நான்காவது மடையில் இருந்தது. பையன் போனில் அடித்துக் கொடுத்த விலாசம் 192.168 என்று தொடங்கிற்று. 10 என்றும், 172.16 முதல் 172.31 வரையிலும், 192.168 என்றும் தொடங்கும் விலாசங்கள் 1996ஆம் வருஷத்து ஏற்பாட்டின்படி வீட்டுக்குள் மாத்திரம் வழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. ஆயிரம் வீடுகளில் அதே எண் இருக்கும். வீட்டு வைபையில் இருக்கும் போனுக்கு அது பொருள்படும். வயலில் கைபேசிக் கம்பெனியின் இணைப்பில் இருக்கும் போனுக்கு அது பொருளற்றது. வீட்டிலுள்ள ரௌட்டரில், வெளியிலிருந்து வரும் கேள்வியை ஸர்வருக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்யலாம் என்று நூல்கள் கூறும். அது மெய்யே. ஆனால் ரௌட்டருக்கே கம்பெனியார் 100.64 முதல் 100.127 வரையிலான விலாசம் ஒன்றைக் கொடுத்திருந்தால், ஒரே பொது விலாசத்தைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்று அறிக. இவ்வகை உபயோகத்திற்கென 2012இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. அப்பொழுது ரௌட்டரில் என்ன மாற்றினும் வெளியார் கேள்வி வந்து சேராது. நாள்கணக்காய் இதில் உழைத்து மனம் கசந்தவர்கள் உண்டு. கம்பெனியாரிடம் தனிப் பொது விலாசம் கட்டணம் கொடுத்துப் பெறுதல், வாடகை ஸர்வர் ஒன்றுக்கு மாற்றுதல், அல்லது வீட்டார் போன்களுக்கு மட்டும் வி.பி.என். என்னும் மறைவழி அமைத்தல் ஆகிய மூன்றில் ஒன்றே செய்யத்தக்கது. தம் குடும்பத்தார் நான்கு பேர் மாத்திரம் எழுதும் கணக்காயின் மூன்றாவதே சிலாக்கியம். பக்கம் பொதுத்தெருவில் நிற்பதே இல்லை.

வழி திறந்த பின்னும் சில சமயம் வேறொரு தடை எழும். எண் விலாசத்தால் திறந்துகொண்டிருந்த பக்கத்திற்குப் புதிதாய் ஒரு பெயர் வாங்கி வைத்தவுடன், இந்தப் பெயர் இந்த ஸர்வருக்கு உரியதன்று என்னும் பொருளில் ட்ரூபல் ஒரு வரி சொல்லி நின்றுவிடும். அமைப்புக் கோப்பில் நம்பத்தக்க பெயர்களின் பட்டியல் ஒன்று உண்டு. புதுப் பெயரை அதில் சேர்த்தால் தீர்ந்தது. இது குறையன்று, பாதுகாப்பே. ஸ்தாபிக்கும் பக்கம் களஞ்சியம் இருக்கும் இடத்தைக் கேட்கும்போது லோக்கல்ஹோஸ்ட் என்று விட்டுவிடுவதும் அடிக்கடி நேரும் பிழை. டாக்கரில் ஒவ்வொரு பெட்டிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்பது தன்னையே குறிக்கும். ஆகையால் களஞ்சியப் பெட்டிக்கு அமைப்புக் கோப்பில் இட்ட பெயரையே எழுத வேண்டும்.

படங்களைச் சேர்க்க முடியாமற்போனால் கோப்புகளின் உரிமையைப் பார்க்க வேண்டும். 777 என்று எல்லார்க்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடும்படி யோசனை சொல்லுவார் எங்கும் உண்டு. அது வேலை செய்யும் என்பதே அதிலுள்ள தீங்கு. வெப் ஸர்வர் எந்தப் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயருக்குக் கோப்பு அடைவின் உரிமையை மாற்றிக் கொடுப்பதே முறை.

வயலில் நின்று போன் தன் இருப்பிடத்தைப் படத்தில் காட்ட வேண்டுமாயின், எச்.டி.டி.பி.எஸ். என்னும் பூட்டிய வழியில் பக்கம் திறக்க வேண்டும். வெறும் வழியில் பிரௌஸர்கள் இருப்பிடத்தைக் கொடுக்க மாட்டா. இதற்கான சான்றை லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் ஸ்தாபனம் விலையின்றி அளிக்கிறது. அச்சான்றின் ஆயுள் குறுகியதாகையால் தானே புதுப்பித்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். வழக்கமான முறையில் அதற்கு 80ஆம் வாயில் வெளியிலிருந்து திறந்திருப்பது அவசியம்.

வழி திறந்த நாளன்றே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்தாபிக்கும் பக்கத்தை நடுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாகாது. அந்தப் பக்கம் பொதுவில் திறந்திருக்கும் வரையில், யார் முதலில் வந்து முடிக்கிறார்களோ அவர்களே தலைமை உரிமையாளராய்ப் பதியப்படுவார்கள். காவலைத் திறப்பதற்கு முன்பே வீட்டுக்குள்ளிருந்து இந்த வேலையை முடித்துவிடுதல் நலம்.

கணக்கு எங்கே தங்குகிறது என்பதையும் அன்றே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். டாக்கர் பெட்டியைக் கழற்றினால் அதனுள் எழுதியவை உடன் அழியும். களஞ்சியத்தின் அடைவும் ட்ரூபலின் ஸைட்ஸ் என்னும் அடைவும் பெட்டிக்கு வெளியே யந்திரத்தின் வட்டில் இருக்கும்படி அமைப்புக் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். நம் பையன் எல்லாவற்றையும் அழித்துப் போடுகிறேன் என்றபோது நிலக்காரர் சம்மதித்திருந்தால், குறுவையில் எழுதிய அறுபது நாள் குறிப்பும் அன்று மாலையே மறைந்திருக்கும். பையன் வட்டைப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டியைக் கழற்றுமுன் களஞ்சியத்தைப் பிரதி எடுத்து, பேனா டிரைவில் ஒன்றும் வேறு கம்ப்யூட்டரில் ஒன்றுமாய் வைத்த பின்னரே அமைப்பைத் திருத்தினார்கள்.

கடைசிப் பரீட்சை மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது. கிராமத்தில் மின்தடை வராத மாதம் இல்லை. யந்திரத்தை முறைப்படி நிறுத்தி மீண்டும் கிளப்பி, எவரும் கை வைக்காமல் பக்கம் தானே எழுகிறதா என்று வயலிலிருந்து பார்க்க வேண்டும். எழவில்லையாயின், தானே கிளம்பும்படி அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். நிலக்காரர் மறைவழி அமைத்த மறுநாள் காலை வரப்பில் நின்று போனைத் திறந்தார். பக்கம் வந்தது. அன்று நடவான மூன்றாம் வயலைப் பதிந்துவிட்டு, சம்பா அறுவடை வரையில் இருக்கட்டும் என்று பழைய நோட்டுப் புத்தகத்திலும் அதே வரியை எழுதிக்கொண்டார்.