வாக்குச்சாவடி வாசலில் போலீஸ்: மிரட்டல் எங்கே தொடங்குகிறது?

வாக்குப்பதிவு நாளில் போலீஸ்காரர் தன் விருப்பப்படி வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாது. சீருடையில் வந்தாலும் மஃப்டியில் வந்தாலும் விதி இதுதான். உள்ளே அதிகாரம் முழுக்க வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் இருக்கிறது. பெரும்பாலும் அவர் ஒரு பள்ளி ஆசிரியர் அல்லது அரசு அலுவலக ஊழியர். அவர் அழைத்தால்தான் காவலர் உள்ளே வரலாம். தகராறு செய்பவரை வெளியேற்றவும், வாசலருகே கூச்சலிட்டு வாக்காளருக்குத் தொல்லை தருபவரைக் கைது செய்யவும் காவலருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. கும்பல் புகுந்து சாவடியைக் கைப்பற்றினால், கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள ‘க்ளோஸ்’ பொத்தானை அவர் அழுத்திவிடலாம். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் ஒரு ஓட்டைக்கூட ஏற்காது.

போலீஸை இப்படி வாசலிலேயே நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. ரவுடியைப் போலவே போலீஸைக் கண்டும் வாக்காளர் பயந்த தேர்தல்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன.

1981 ஜூன் மாதம், அன்று உத்தரப் பிரதேசத்தில் இருந்த கட்வால் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. காங்கிரஸிலிருந்து வெளியேறி, எம்.பி. பதவியையும் துறந்திருந்த எச்.என். பகுகுணா மீண்டும் களத்தில் நின்றார். வாக்குப்பதிவன்று மலைக்கிராமங்களில் வெளி மாநிலப் போலீஸார் நடமாடினார்கள். அவர்களை அழைத்து வந்தது தேர்தல் ஆணையத்துக்கே தெரியாது. புகார்களை விசாரித்த ஆணையம், சில சாவடிகளோடு நிற்காமல் தொகுதி முழுவதற்குமான வாக்குப்பதிவையே செல்லாது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு மீண்டும் தேர்தல் நடந்தபோது பகுகுணா வென்றார்.

தேர்தல் நாளில் போலீஸ் யாருக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வியைக் கட்வால் கூர்மையாக எழுப்பியது. பதில் வரச் சில ஆண்டுகள் ஆயின. 1989இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 28ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. தேர்தல் அறிவிக்கை வெளியான நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரை, தேர்தல் பணியில் உள்ள போலீஸார் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்பட்டவர்கள் என்று அது சொல்கிறது. சாவடியைக் கைப்பற்றுவதைத் தனிக் குற்றமாக்கிய 135ஏ பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். இன்று அதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அரசு ஊழியரே அதைச் செய்தாலோ துணைபோனாலோ மூன்றாண்டு முதல் ஐந்தாண்டு வரை.

சட்டம் வந்தவுடன் நிலைமை மாறிவிடவில்லை. 1990 பிப்ரவரியில் ஹரியாணாவின் மெஹம் இடைத்தேர்தலில் அன்றைய முதல்வர் ஓம் பிரகாஷ் சௌதாலா போட்டியிட்டார். சாவடிகள் கைப்பற்றப்பட்டன, மறுவாக்குப்பதிவிலும் வன்முறை வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அந்தத் தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது.

சாவடிக்குள் நடக்கும் அராஜகத்தைத் தடுக்க இன்று வழிகள் பல. மத்தியப் படை வீரர் வாசலில் நிற்கிறார், கேமரா ஓடுகிறது. மின்னணு இயந்திரம் நிமிடத்துக்கு நான்கு ஓட்டுகளுக்கு மேல் வாங்காது என்பதால், கட்டுக்கட்டாகச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் திணித்த காலம் போய்விட்டது. ஆகவே மிரட்டலும் இடம் மாறிவிட்டது. முந்தைய இரவு காலனிக்குப் போகும் பாதையில், கூலி வேலை தரும் பண்ணையார் வீட்டு முற்றத்தில், ‘நாளைக்கு யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் அது முடிந்துவிடுகிறது. மறுநாள் சாவடி அமைதியாக இருக்கும். வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது என்று செய்தியும் வரும்.

இந்த அமைதியைச் சந்தேகிக்க ஆணையம் கற்றுக்கொண்டது பெரிய முன்னேற்றம். முந்தைய தேர்தலில் 90 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவாகி, அதில் 75 சதவீதத்துக்கு மேல் ஒரே வேட்பாளருக்கு விழுந்த சாவடி, கூடுதல் கண்காணிப்புக்குரிய சாவடிகளின் பட்டியலில் சேரும். மிரட்டலுக்கு ஆளாகக்கூடிய குடியிருப்புகளையும், மிரட்டக்கூடிய ஆட்களையும் மண்டல அலுவலரும் போலீஸும் முன்கூட்டியே கண்டறிந்து பட்டியலிட வேண்டும். அப்படிப்பட்டவர்களிடம் நிர்வாக நடுவர் முன் நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். தேர்தல் போலீஸ் பணியில் உண்மையிலேயே பலன் தரும் பகுதி இதுதான். ஆனால் ஊரில் யாருக்கு யார் பயப்படுகிறார்கள் என்பது உள்ளூர் காவல் நிலையத்துக்குத்தான் தெரியும். அவர்கள் ஒரு பெயரை எழுதாமல் விட்டால் பட்டியலில் அது இருக்காது.

தமிழ்நாட்டிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. 2019 ஏப்ரல் 18 அன்று, சிதம்பரம் தனித் தொகுதிக்கு உட்பட்ட அரியலூர் மாவட்டப் பொன்பரப்பியில், வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த நாளிலேயே தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. மறுவாக்குப்பதிவு கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதே தேர்தலில் தருமபுரி தொகுதியின் எட்டுச் சாவடிகளில் முறைகேட்டுப் புகார் எழுந்து, மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. சாவடிக்குள் நடந்ததைச் சரிசெய்ய வழி இருக்கிறது. தெருவில் நடந்து, அதனால் வராமலே போன ஓட்டுக்கு வழி மிகக் குறைவு.

சட்டத்திலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ‘இந்தச் சின்னத்துக்குப் போடாவிட்டால் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவில் தகாத செல்வாக்கு என்ற குற்றம். தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. அதைவிட முக்கியம், இதில் நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்கவோ கைது செய்யவோ முடியாது. வாக்காளரை மிரட்டிச் சாவடிக்கே வரவிடாமல் செய்தால் அது 135ஏ. அதில் போலீஸ் உடனே கைது செய்யலாம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, மிரட்டியவர் அந்தச் சமூகங்களைச் சேராதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி இரண்டு வகை மிரட்டலுக்கும் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆக, புகாரை எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பதே மிரட்டியவர் அன்று மாலை வீட்டில் இருப்பாரா, லாக்கப்பில் இருப்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது. மிரட்டலை எந்த நிலையிலும் உடனடிக் கைதுக்குரிய குற்றமாக்க வேண்டும்.

ஆயுதம் தாங்கிய படையை அனுப்பினால் போதும் என்ற நினைப்புக்கும் விலை கொடுக்க நேர்ந்திருக்கிறது. 2021 ஏப்ரல் 10 அன்று மேற்கு வங்கத்தின் சீதல்குச்சி தொகுதியில், முதன்முறையாக ஓட்டுப் போட வந்த 18 வயது இளைஞர் ஒருவர் சாவடிக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாளில் அதே தொகுதியின் வேறொரு சாவடியில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது படை. ஊர்மக்கள் மறுத்தார்கள். மொழி தெரியாத, ஊர் தெரியாத வீரர்கள் கூட்டத்தைக் கையாளும்போது, உள்ளூர் காவலர் ஒருவர் பேசித் தீர்த்திருக்கக்கூடியது துப்பாக்கிச் சூட்டில் போய் முடியலாம்.

ஆணையம் துணிந்து செயல்பட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 2019இல் திரிபுரா மேற்குத் தொகுதியில் 168 சாவடிகளின் வாக்குப்பதிவைச் செல்லாது என்று அறிவித்து, மே 12 அன்று மீண்டும் நடத்தியது.

ஓட்டுப் போட்ட பிறகு வரும் பழிவாங்கலுக்குத்தான் இன்னும் சரியான ஏற்பாடு இல்லை. இயந்திரத்தில் சாவடிவாரியாகவே எண்ணுவதால், எந்தத் தெருவினர் யாருக்குப் போட்டார்கள் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது. பல இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் கருவியை ஆணையம் 2008இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. முடிவு அறிவிக்கப்பட்டதும் 28ஏ பிரிவின் பிடியும் விலகி, போலீஸ் மறுபடி மாநில அரசின் கைக்குப் போய்விடுகிறது. 2021இல் மேற்கு வங்கத்தில் முடிவுகளுக்குப் பிறகு வெடித்த வன்முறையில், கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளை சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் உத்தரவிட வேண்டியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அந்த மாநிலத்தில் மத்தியப் படையின் ஒரு பகுதியை முடிவுகள் வந்த பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள்.