கணினியின் பெரிய திறப்பு யார் கையில்?

வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. இதனையடுத்து நமது வர்த்தகர்கள் பலர் தமது கடைகளிலும் காரியாலயங்களிலும் உள்ள கணினிகளை வின்டோஸ் 11க்கு மாற்றியுள்ளனர். மாற்றுவது நல்லதுதான். ஆனால் மாற்றிய மறுநாள் சிலருக்குப் புதியதொரு தலையிடி தொடங்குகிறது. கணினி இயங்குகிறது, பில் போடும் மென்பொருளோ திறக்க மறுக்கிறது. புதிய பிரின்டரை இணைக்க முடியவில்லை. நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று திரையில் ஓர் அறிவித்தல் வந்து நிற்கிறது. சிலரது கணினியில் 'யெஸ்' என்ற பொத்தானை அழுத்தவும் முடிவதில்லை.

சொந்தப் பணத்தில் வாங்கிய கணினி சொந்தக்காரரையே வெளியில் நிறுத்துகிறது. உள்ளே இருப்பவை கடன் நிலுவைகள், பின்திகதியிட்ட காசோலைகளின் விபரங்கள், இறைவரித் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டிய கணக்குகள். எனவே இந்த விடயத்தை நம்மவர்கள் விளங்கி வைத்திருப்பது அவசியம்.

இரண்டு வகைத் திறப்புகள்

வின்டோஸ் கணினியில் பயனாளர்கள் இரு வகைப்படுவர். ஒருவர் சாதாரணப் பயனாளர். அவர் வேலை செய்யலாம். ஆனால் மென்பொருளை நிறுவவோ மற்றவரின் கடவுச்சொல்லை மாற்றவோ முடியாது. மற்றவர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' எனப்படும் நிர்வாகி. கடையின் எல்லா அறைகளுக்கும் உரிய பெரிய திறப்பு அவரிடமே இருக்கிறது.

2001இல் வெளியான வின்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அநேகமாக எல்லோருமே நிர்வாகியாகத்தான் வேலை செய்தார்கள். வைரஸ்கள் பரவ இதுவும் ஒரு காரணமாயிற்று. 2007இல் சந்தைக்கு வந்த விஸ்டா முதல் இந்த நிலை மாறியது. நிர்வாகியாக உள்நுழைந்தவரும் முக்கிய மாற்றம் எதையும் செய்யுமுன் அனுமதி கொடுக்க வேண்டும் என்ற முறை வந்தது. கணினியோடு கூடவே வரும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயருள்ள கணக்கு, புதிதாக நிறுவும்போது முடக்கிய நிலையிலேயே வைக்கப்பட்டது. இன்றைய வின்டோஸ் 11 வரை இதே ஒழுங்குதான்.

முதலில் நோயை அறிவோம்

பதறாமல் முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'எக்கவுன்ட்ஸ்', அதற்குள் 'யுவர் இன்போ' என்பதைத் திறவுங்கள். உங்கள் பெயரின் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் உரிமை உங்களிடமே இருக்கிறது. பழைய மென்பொருள்தான் அனுமதி கேட்கிறது. அதன் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

அந்தச் சொல் அங்கு இல்லையென்றால், நான் கண்டவரையில் காரணம் பின்வரும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

ஒன்று, நிர்வாகிக் கணக்கு இருக்கிறது, கடவுச்சொல் மறந்துவிட்டது. பல வருடங்களாக நான்கு இலக்க 'பின்' எண்ணை மட்டும் அழுத்திப் பழகியவருக்கு, உண்மையான கடவுச்சொல் ஞாபகத்தில் இருப்பதில்லை. அந்தப் பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. மாற்றத்தின் பின்னர் அது வேலை செய்யாமல் போனால், கணினி பழைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும்.

இரண்டு, இயங்கும் நிலையிலுள்ள நிர்வாகி ஒருவருமே இல்லை. இருந்த ஒரே நிர்வாகிக் கணக்கை யாரோ சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டார்கள் அல்லது அழித்துவிட்டார்கள். 'யெஸ்' பொத்தான் மங்கிக் கிடப்பது பெரும்பாலும் இதன் அடையாளம்.

மூன்று, கணினியைத் திருத்தியவர் பழையதை அழித்து, வின்டோஸைப் புதிதாக நிறுவி, தனது பெயரிலேயே நிர்வாகிக் கணக்கைத் திறந்திருக்கிறார்.

மருந்து என்ன?

முதலாவது நிலையில், மைக்ரோசொப்ட் கணக்காக இருந்தால் கையடக்கத் தொலைபேசியிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றலாம். கணக்கில் பதிந்த மின்னஞ்சலுக்கோ தொலைபேசி இலக்கத்துக்கோ ஓர் இரகசிய எண் வரும். அந்தத் தொலைபேசி இலக்கம் இன்னும் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கணினிக்குள் மட்டும் உள்ள கணக்காயின், பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் கொடுத்து மாற்றலாம். இந்த வசதி வின்டோஸ் 10இல் 2018ஆம் ஆண்டு வந்தது. கேள்விகளை முன்பே அமைத்திருந்தால் மட்டுமே அது உதவும்.

இரண்டாவது நிலைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனமே ஒரு வழி வைத்திருக்கிறது. வேறு நிர்வாகி எவரும் இல்லாத, நிறுவன வலையமைப்பில் சேராத கணினியில், 'சேப் மோட்' எனப்படும் பாதுகாப்பு நிலையில் முடக்கப்பட்ட 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு உள்ளே விடும். 'ஷிப்ட்' விசையை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். பின்னர் 'ட்ரபள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று வரிசையாகச் சென்று, மீண்டும் இயங்கும்போது 4ஆம் இலக்கத்தை அழுத்துங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக உள்நுழைந்து, 'கொன்ட்ரோல் பெனல்' ஊடாக 'யூசர் எக்கவுன்ட்ஸ்' பகுதியில் உங்கள் கணக்கின் வகையை நிர்வாகியாக மாற்றிவிட்டு வழமைபோல் இயக்கினால் போதும்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவருக்கு இவ்வாறுதான் உரிமையை மீட்டுக் கொடுத்தோம். ஹாட் டிஸ்க்கை முழுதாக அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று முன்பு பார்த்தவர் சொல்லியிருந்தார். வெளியூர்க் கடைகளிடமிருந்து அவருக்கு வர வேண்டிய கடன் முழுவதும் அந்த ஒரே டிஸ்க்கில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. அழித்திருந்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைக் கடன்காரர் சொல்லித்தான் அவர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நிலையில் மேற்சொன்ன வழி பயன்படாது. திருத்தியவர் நிர்வாகியாக இருக்கும்வரை முடக்கப்பட்ட கணக்கு திறக்காது. அவரையே அழைத்து, உங்கள் கணக்கை நிர்வாகியாக மாற்றச் சொல்லி, நீங்கள் உள்நுழைந்து சோதித்த பின்னரே அவரது கணக்கை நீக்க வேண்டும்.

நீக்குமுன் இன்னுமொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய கணினிகள் பலவற்றில் ஹாட் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண், முதலில் உள்நுழைந்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் போய்ச் சேர்கிறது. திருத்தியவரின் கணக்கென்றால் உங்கள் டிஸ்க்கின் திறப்பும் அவரிடம்தான். பாதுகாப்பு நிலைக்குச் செல்லும்போதும் கணினி இந்த எண்ணைக் கேட்கக்கூடும்.

பழைய கோப்புகள் திறக்காவிட்டால்

புதிதாக நிறுவிய பின் பழைய கோவைகளைத் திறக்கும்போது அனுமதி மறுக்கப்படுவதுண்டு. பழைய பெயரிலேயே கணக்குத் திறந்தும் ஏன் இப்படி என்று பலர் கேட்கின்றனர். வின்டோஸ் உங்களைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே கொடுக்கப்படும் தனி இலக்கத்தால் அறிகிறது. பெயர் ஒன்றானாலும் இலக்கம் வேறு. நிர்வாகி உரிமை உள்ளவர், அந்தக் கோவையின் 'ப்ரொப்பர்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்ட்' பகுதியில் உரிமையாளர் பெயரை மாற்றி, தனக்கு அனுமதியும் கொடுத்துத் திறக்கலாம்.

செய்யக் கூடாதவை

கடவுச்சொல்லை உடைக்கும் மென்பொருள் என்று இணையத்தில் கிடைப்பவற்றை இறக்க வேண்டாம். அவற்றோடு வைரஸும் வரலாம். கணினியை 'ரீசெட்' செய்யவும் அவசரப்பட வேண்டாம். கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவைக் கொடுத்தாலும் நாம் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும். கணக்கு மென்பொருள் தன் தரவுகளை வேறிடத்தில் வைத்திருந்தால் அவையும் போய்விடலாம். எதைச் செய்வதானாலும் முதலில் பிரதி எடுங்கள்.

பிறருடைய கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி இலங்கையில் குற்றமாகும். எனவே இவ்வழிகளை உங்களுக்குச் சொந்தமான கணினியில் மட்டுமே கையாளுங்கள். விலகிச் சென்ற சிப்பந்தியின் கையில் கடவுச்சொல்லை விட்டுவைப்பதும் இரு தரப்புக்கும் நல்லதல்ல. நாளை ஏதும் நடந்தால் குற்றமற்றவர் மீதும் சந்தேகம் விழும். கணினியைத் திருத்துபவரும் தன்னிடமுள்ள திறப்பை அமானிதமாகக் கருதி, வேலை முடிந்ததும் உரியவரிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

கணினியைப் புதிய பதிப்புக்கு மாற்றுமுன் நான்கு காரியங்களைச் செய்துகொள்ளுங்கள். கணக்குகளின் பிரதியொன்றை வெளி டிஸ்க்கில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். உரிமையாளர் பெயரில் இரண்டாவது நிர்வாகிக் கணக்கொன்றைத் திறந்து, அதில் ஒரு தடவை உள்நுழைந்து பாருங்கள். கடையில் பில் போடுபவருக்குச் சாதாரணக் கணக்கே போதும். கடவுச்சொல்லையும் 48 இலக்க எண்ணையும் தாளில் எழுதி, காசோலைப் புத்தகம் இருக்கும் பெட்டகத்தில் வையுங்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிய சூரா அல்பகராவின் 282ஆவது வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். அந்த எழுத்துக்களை இன்று கணினியில் வைத்திருக்கிறோம். அதன் திறப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலாளியும், அவர் இல்லாத வேளையில் வீட்டில் நம்பிக்கையான ஒருவரும் அறிந்திருக்க வேண்டும். முதலாளி திடீரென மௌத்தானால் வாரிசுகள் கடனைத் தீர்க்கவும், வர வேண்டியதைப் பெறவும் அந்த ஒரு தாள்தான் உதவும்.