அளவும் திசையும்

வகுப்பறையின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ். தேர்வு நேரம் 2 மணி. புட்டியில் உள்ள நீர் 500 மில்லிலிட்டர். இவற்றைக் கூற ஓர் எண்ணும் ஓர் அலகும் போதும். ‘எந்தத் திசையில்?’ என்ற கேள்வி இங்கு எழுவதில்லை. இத்தகைய அளவுகள் திசையிலிகள் எனப்படும்.

‘பள்ளியிலிருந்து 300 மீட்டர் சென்றால் நூலகம் வரும்’ என்று ஒருவர் வழி சொல்கிறார். கேட்பவர் எந்தப் பக்கம் நடப்பார்? ‘கிழக்கே’ என்ற சொல்லும் சேர்ந்தால்தான் அத்தகவல் பயன்படும். அளவு, திசை ஆகிய இரண்டையும் கொண்டவை திசையன்கள் எனப்படும். இடப்பெயர்ச்சி, விசை, திசைவேகம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. திசையனை ஓர் அம்புக்குறியால் வரைந்து காட்டலாம். அம்பின் நீளம் அளவையும் அதன் முனை திசையையும் குறிக்கும்.

திசையிலிகளைச் சாதாரண எண்களைப் போலவே கூட்டலாம். திசையன்களைக் கூட்டும்போது திசையையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஒரு மாணவர் கிழக்கே 300 மீட்டரும் பின்னர் வடக்கே 400 மீட்டரும் நடந்தால், அவர் நடந்த மொத்தத் தொலைவு 700 மீட்டர். ஆனால், தொடங்கிய இடத்திலிருந்து சேர்ந்த இடம்வரை உள்ள நேர்க்கோட்டின் நீளம், பித்தகோரஸ் தேற்றத்தின்படி, 500 மீட்டர் மட்டுமே. முன்னது தொலைவு, அது திசையிலி. பின்னது வடகிழக்குப் பக்கமாக அமைந்த இடப்பெயர்ச்சி, அது திசையன்.

விமானப் பயணத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. ஒரு விமானம் காற்றினூடே மேற்கு நோக்கி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தரையை ஒப்பிடும்போது விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் மட்டுமே முன்னேறும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 400 கிலோமீட்டர் முன்னேறும். காற்றின் வேகம் மாறவில்லை. திசை மாறியதால் விடை இருமடங்காகிறது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் விமானம் 11 பேருடன் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரிலிருந்து மேற்கே, சிலி நாட்டின் சாந்தியாகோ நகருக்குப் புறப்பட்டது. இடையில் ஆண்டீஸ் மலைத்தொடர் இருந்தது. மேகங்கள் தரையை மறைத்ததால், பறந்த நேரத்தையும் வேகத்தையும் கொண்டே விமானிகள் தங்கள் இருப்பிடத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. மிக உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பற்றி அக்காலத்தில் பலரும் அறிந்திருக்கவில்லை. அந்த எதிர்க்காற்று விமானத்தின் முன்னேற்றத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்றும், மலையைக் கடந்துவிட்டதாக எண்ணி விமானிகள் கீழிறங்கியிருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். விமானம் துப்புங்காத்தோ மலையில் மோதியது. எவரும் உயிர் பிழைக்கவில்லை. 1998இல் மலையேறிகள் இருவர் பனியாற்றில் அதன் சிதைவுகளைக் காணும்வரை, அது மறைந்த இடம் புதிராகவே இருந்தது.

இன்று விமானிகளுக்கு வழங்கப்படும் வானிலை அறிக்கையில், காற்றின் வேகத்துடன் அது வீசும் திசையும் பாகையில் தவறாமல் குறிக்கப்படுகிறது.