அசோலா சிவந்தால் அள்ளிக் கொட்ட வேண்டாம்

சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதிகளில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர் வீட்டுப் புறக்கடையில் சில்பாலின் விரித்த குழியில் அசோலா வளர்த்து வருகின்றனர். மாசி வரை பசேலென்றிருந்த குழி, பங்குனி பிறந்ததும் செந்நிறம் படர்ந்து, இலைகள் சிறுத்து, வளர்ச்சி நின்றுவிடுவதுண்டு. பட்டுப்போயிற்று என்று அள்ளிக் கொட்டுவோர் ஒரு சாரார். உரம் போதவில்லை என்று கூடுதலாகச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவோர் மற்றொரு சாரார். இரண்டாமவர் செய்வதே அதிகக் கேடு விளைவிக்கிறது.

அசோலா நீரில் மிதக்கும் பெரணி வகைத் தாவரமாகும். இதன் மேலிலையின் குழிவறைகளில் அனபீனா என்னும் நீலப்பச்சைப்பாசி குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்துக் கொடுக்கிறது. செடி பாசிக்கு இடமும் உணவும் தருகிறது. இத்தகைய கூட்டு வாழ்க்கை கடலிலும் உண்டு. மன்னார் வளைகுடாப் பவளப் பூச்சிகளின் உடலில் வாழும் பாசி, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் சூடேறியபோது வெளியேறியதால் பவளங்கள் வெளுத்தன. வெளுத்தவை எல்லாம் இறந்தவை அல்ல. நீர் குளிர்ந்ததும் தேறியவையும் உண்டு. அசோலா சிவப்பதற்குப் பாசி வெளியேறுவது காரணமன்று. எனினும், நிறம் மாறியதை மரணமாகக் கொள்ளலாகாது என்பது இரண்டிற்கும் பொருந்தும்.

பாசி தழைச்சத்தைத் தருவதால் அசோலாவுக்குத் தழைச்சத்துப் பஞ்சம் வருவது அரிது. அதற்கு வெளியிலிருந்து முக்கியமாகத் தேவைப்படுவது மணிச்சத்தே. மணிச்சத்துக் குறைந்தால் செடி சிவந்து, சிறுத்து, தொட்டால் உடையும் தன்மை அடையும். வேர்கள் நீண்டு சுருளும். ஆனால் கடும் வெயிலிலும் செடி சிவக்கும். எது காரணம் என்று நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மூன்று பிளாஸ்டிக் பேசின்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி அசோலாவை இட வேண்டும். முதலாவதில் குழி நீரையே ஊற்றித் திண்ணை ஓரத்து நிழலில் வைக்க வேண்டும். இரண்டாவதில் குழி நீருடன் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்துக் குழிக்கருகிலேயே வெயிலில் வைக்க வேண்டும். மூன்றாவதில் புதிய நீரும் இரண்டு பிடி செம்மண்ணும் இட்டு அதே வெயிலில் வைக்க வேண்டும். ஐந்தாறு நாட்கள் கழித்து நுனியில் புதிதாகத் துளிர்த்த பாகத்தைக் கவனிக்க வேண்டும். சிவந்துவிட்ட பழைய இலையைப் பார்த்துப் பயனில்லை. எந்தப் பேசினில் துளிர் பச்சையாக இருக்கிறதோ, அந்தப் பேசின் பெற்ற கவனிப்பே குழிக்கும் தேவை.

முதல் பேசின் தேறினால் வெயிலே காரணம். 10 செ.மீ. ஆழ நீர் சித்திரை வெயிலில் விரைவில் சூடேறிவிடும். 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அசோலா தளர்ந்து, வேர்களையும் உதிர்க்கும். தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ இட்டு, பாதி வெளிச்சம் விழும்படி செய்ய வேண்டும். புளியமரத்தடி உகந்ததன்று; உதிர்ந்த இலைகள் நீரில் அழுகும்.

இரண்டாவது தேறினால் 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட குழிக்கு 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் ஒரு கிலோ சாணத்தையும் கரைத்து, ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஊற்றி வர வேண்டும். தூளாகச் செடிமேல் தூவினால் இலை கருகும். மாதத்திற்குரியதை ஒரே தடவையில் கொட்டுவதும் வீண். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றின் கடினநீரில் மணிச்சத்து சுண்ணாம்புடன் சேர்ந்து அடியில் தங்கிவிடும்.

மூன்றாவது தேறினால் நீரில் கோளாறு. பத்து நாட்களுக்கு ஒருமுறை கால்பங்கு நீரை வெளியேற்றிப் புதுநீர் விட வேண்டும். மாதம் ஒருமுறை 5 கிலோ மண்ணையும் மாற்ற வேண்டும். சிவக்காமல் மஞ்சளாக வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு எனலாம். காரத்தன்மை மிகுந்த நீரில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டாது. மழைநீரோ வாய்க்கால் நீரோ கலந்து ஊற்றுவது நலம்.

கறுத்து, வழவழப்பாகி, துர்நாற்றம் வீசினால் அது அழுகல். அடுக்கடுக்காக நெருங்கிய குழியிலும் சாணம் மிகுந்த குழியிலும் இது தோன்றும். பாதியை உடனே அள்ளி அகற்ற வேண்டும். இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் புழுவைக் கண்டால் கூட்டோடு எடுத்து அழிக்க வேண்டும். மாட்டுக்குத் தீவனமாகப் போகும் பொருளாதலால் பூச்சிமருந்து எதுவும் கூடவே கூடாது.

இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பச்சை அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. நன்கு விளையும் ஒரு குழி நாளொன்றுக்கு அரை கிலோ தரும். ஒரு மாட்டுக்கோ ஒன்றரை முதல் இரண்டு கிலோ வேண்டும். ஆகவே ஒரே குழியை நம்பிப் பிண்ணாக்கை நிறுத்திவிடுவது சரியன்று. நலிந்த குழியில் தேறும்வரை தினசரி அறுவடையும் கூடாது.

பங்குனியிலேயே நல்ல அசோலாவில் சிறிது எடுத்து, இரண்டு மூன்று பேசின்களில் நிழலில் காத்து வைப்பது அவசியம். பெரிய குழி கைவிட்டுப் போனால் அதைக் கழுவிக் காயவைத்து, சலித்த புது மண் 10 முதல் 15 கிலோ பரப்பி, சாணக் கரைசலும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு இதைக்கொண்டே மீண்டும் தொடங்கலாம். விதை அரை கிலோவுக்குக் குறைவாக இருந்தால் குழி முழுவதும் பரப்பலாகாது. மூங்கில் குச்சிகளை மிதக்கவிட்டு ஒரு மூலையைத் தடுத்து அதற்குள் நெருக்கமாக வளரவிட்டு, நிரம்ப நிரம்பக் குச்சியைத் தள்ளி வைக்க வேண்டும். வெற்றிடம் விட்டால் பச்சைப்பாசி முந்திக்கொள்ளும்.